தோளில் சரியாக உட்காரும் சட்டையை முதலில் வாங்குங்கள்

18 வருடமாகத் தைக்கிறேன். புதிதாகத் தைத்துக் கொடுப்பது இப்போது குறைவு. கடையில் வாங்கியதைப் பிடித்துத் தைப்பதும் பிரித்து விடுவதும்தான் என் மேஜையில் அதிகம். அலமாரிக்கு அடிப்படையாக என்னென்ன வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் அழுக்குக் கூடையைக் கவனியுங்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் உண்மையில் எதைப் போடுகிறீர்கள் என்பது அங்கேதான் தெரியும். திரும்பத் திரும்பக் கூடைக்கு வருகிற அந்த நாலைந்து துணிதான் உங்கள் அடிப்படை.

முதல் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் ஒருமுறை சாம்பல் நிறப் பேன்ட் ஒன்றைக் கொண்டுவந்தாள். "அக்கா, வீட்டில் எட்டு பேன்ட் இருக்கு, ஆனா இதைத்தான் போடுறேன். இடுப்பு இறுக்குது, எப்படியாவது காப்பாத்திக் கொடுங்க" என்றாள். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பின் தையலில் இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் துணி விட்டிருந்தது. கால் மடிப்பிலும் தாராளமாக இருந்தது. பிரித்து விட்டேன். அடுத்த வருடம் இன்னொரு தடவையும் பிரித்தோம். மற்ற ஏழில் ஒன்றைக்கூட அப்படிச் செய்ய முடியவில்லை, தையலை ஒட்டியே துணியை வெட்டியிருந்தார்கள்.

அதனால் கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும்போதே உள்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பேன்ட்டில் பின் தையலையும் கால் மடிப்பையும் பார்த்தால் போதும். ஜீன்ஸில் பெரும்பாலும் கூடுதல் துணி இருக்காது. அதில் இடுப்பு முதலிலேயே சரியாக இருக்கவேண்டும்.

எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். சட்டை இடுப்பில் தொளதொளவென்று இருந்தால் பக்கத் தையலைப் பிடித்துவிடலாம், அரை மணி நேர வேலை. கை நீளம், கால் நீளம் குறைப்பதும் சுலபம். தோள் மட்டும் அப்படி இல்லை. தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்கவேண்டும். ஒரு அங்குலம் கீழே இறங்கினால் கையைக் கழற்றி, கைக்குழியை மறுபடி வெட்டி, திரும்ப ஏற்றவேண்டும். அந்தக் கூலிக்கு இன்னொரு சட்டையே வாங்கிவிடலாம். வேண்டுமென்றே தோளை இறக்கித் தைக்கிற மாடல் என்றால் அது வேறு விஷயம்.

பேன்ட்டின் இடுப்பை இரண்டு அங்குலம் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் பின் பாக்கெட் இரண்டும் நெருங்கி வந்து பார்க்க விகாரமாகிவிடும். கவட்டை ஆழத்தை, அதாவது இடுப்புப் பட்டியிலிருந்து கால் பிரியும் இடம் வரையுள்ள அளவை, யாராலும் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது. டிரையல் ரூமில் நின்று கண்ணாடி பார்ப்பதோடு நிறுத்தாமல் உட்காருங்கள், குனியுங்கள், இரண்டு கையையும் தூக்குங்கள். அப்போது எங்காவது இழுத்தால் வேண்டாம், வைத்துவிடுங்கள். போடப் போட இளகிவிடும் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

துணிக்கு என் சோதனை எளிது. வெள்ளைச் சட்டைக்குள் கையை விட்டு விரிக்கவும். விரல் இடுக்குகள் தெளிவாகத் தெரிந்தால் உள்ளாடையும் தெரியும். கருநீலத்தையும் கறுப்பையும் வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தால், சாயம் ஒட்டுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். டீ-சர்ட்டில் எடை முக்கியம். சீட்டில் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற கணக்கு) பக்கம் போட்டிருந்தால் தினசரிக்கு நன்றாக உழைக்கும். பக்கத் தையல் அக்குளிலிருந்து நேராகக் கீழே இறங்குகிறதா என்றும் பாருங்கள். கடையிலேயே வயிற்றுப் பக்கம் சாய்ந்திருந்தால் துவைத்தபின் இன்னும் முறுக்கும், இஸ்திரி போட்டாலும் நிற்காது. அப்புறம், வியர்க்கிற உடம்பு என்றால் பருத்தியே வாங்குங்கள். பாலியஸ்டர் ஈரத்தை இழுக்காது, உடம்பிலேயே விட்டுவிடும்.

எத்தனை வேண்டும் என்பதை உங்கள் துவைக்கும் நாள்தான் முடிவு செய்யும். வாரம் ஒருமுறை துவைப்பவருக்கு மேலுக்கு ஏழு, கீழுக்கு மூன்று, குளிருக்கு ஒன்று, நல்ல நாளுக்கு ஒன்று என்று இருந்தால் தாராளம். உள்ளாடையை மட்டும் எண்ணிக் குறைக்காதீர்கள். நிறத்தில் எனக்கு ஒரே பிடிவாதம் உண்டு: கீழே போடுவது மூன்றும் கருநீலம், சாம்பல், கறுப்பு மாதிரி அடங்கிய நிறமாக இருக்கட்டும். மேலே போடும் ஒவ்வொன்றும் இந்த மூன்றில் இரண்டோடாவது பொருந்தவேண்டும். பொருந்தாத சட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் மடித்த மடிப்பிலேயே கிடக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவேண்டாம். ஒன்று வாங்கி, பத்துத் தடவையாவது துவைத்துப் பாருங்கள். காலர் நிமிர்ந்து நின்று, அக்குளில் நூல் உருண்டை உருண்டையாகத் திரளாமல் இருந்தால் அதே அளவில், அதே மாதிரியில் இரண்டாவதை வாங்கலாம்.

கால் நீளம் வெட்ட வேண்டுமென்றால், வாங்கிய அன்றே தையல்காரரிடம் ஓடாதீர்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். ஒரு தடவை துவைத்து, நன்றாகக் காயவைத்து, அதோடு நீங்கள் போடப்போகும் செருப்பையோ ஷூவையோ மாட்டிக்கொண்டு வாருங்கள். அதற்குப் பிறகுதான் நான் சாக்பீஸை எடுப்பேன்.