ஃபுளோரெஸ் மலைக்கிராமத்துக்கு அறிமுகக் குறிப்பு எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கும் பணம் போட வருபவர்களுக்கும் ஊரை அறிமுகப்படுத்தி நாலு பக்கம் எழுதித் தருவது இந்தோனேசியாவில் இப்போது தனி வேலையாகவே ஆகிவிட்டது. 2014-ல் வந்த கிராமச் சட்டத்துக்குப் பிறகு கிராமங்களின் கைக்கே நிதி வருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுற்றுலாக் கிராமம், ஊருக்கு ஒரு குறிப்பு. ஃபுளோரெஸ் தீவின் மேற்குப் பகுதியில் இருக்கும் மங்கராய் மலைப்பகுதி பற்றிப் புதியவர்கள் எழுதும் வரைவுகள் திருத்துவதற்காக என்னிடம் வருகின்றன. முதலில் வந்த நாங்கள் எங்கெல்லாம் இடறினோமோ, அங்கேயேதான் இவர்களும் இடறுகிறார்கள். எழுத்துப்பிழை, மங்கலான படம் போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

உதாரணத்துக்கு வாயே ரெபோவை எடுத்துக்கொள்கிறேன். கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேலே, காடு சூழ்ந்த ஒரு மலைமடியில் ஏழு கூம்பு வீடுகள் நிற்கின்றன. அவற்றுக்கு ம்பாரு நியாங் என்று பெயர். பிரம்பால் கட்டி, மேலிருந்து தரை வரை கூரை வேய்ந்திருப்பார்கள்.

குடியிருப்பையும் கிராமத்தையும் குழப்புவது

வாயே ரெபோ ஒரு குடியிருப்பு. நிர்வாகக் கணக்கில் அது சாத்தார் லெண்டா கிராமத்துக்குள் வருகிறது. அரசுப் புள்ளிவிவரம் கிராமத்துக்குத்தான் கிடைக்கும். அதை அப்படியே எடுத்து ஏழு வீடுகளின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். வீடு ஏழு என்பதால் குடும்பமும் ஏழு என்று எழுதியவர்களும் உண்டு. முதன்மை வீட்டில் மட்டும் எட்டுக் குடும்பங்களுக்கு இடம் இருக்கிறது. அது போக, பள்ளிக்கூடம் கீழே இருப்பதால் பிள்ளைகளும் அவர்களோடு பெரியவர்கள் சிலரும் கொம்போ என்ற குடியிருப்பில் தங்குகிறார்கள். மேலே எத்தனை பேர், கீழே எத்தனை பேர் என்று இரண்டையும் கேட்டு எழுதுங்கள்.

காலி நிலம்

இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ‘முதலீட்டு வாய்ப்புகள்’ என்ற தலைப்பின் கீழே, “பயன்பாட்டில் இல்லாத சரிவு நிலம் உள்ளது” என்று கூசாமல் ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். எழுதியவர் அந்தச் சரிவில் நின்று யாரிடமும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்.

மங்கராயில் நிலம் தனித்தனியாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு மூல ஊருக்கும், ஊர் முரசை வைத்திருக்கும் ஒரு முரசு வீடு உண்டு, அதுதான் கெண்டாங். அந்தக் கெண்டாங்கைச் சேர்ந்த பொதுநிலம் லிங்கோ. உள்ளே முரசு வீடு, வெளியே லிங்கோ, இரண்டும் ஒன்றுதான் என்று அவர்கள் பழமொழியே வைத்திருக்கிறார்கள். லிங்கோவின் நடுப்புள்ளி லோடோக். அங்கிருந்து விளிம்பு நோக்கிக் கோடு இழுத்து, விரல் அளவில் பங்கு பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுப்பவர் துவா தெனோ. சஞ்சார் பக்கம் சிலந்தி வலை போலத் தெரியும் வயல்களைப் படம் எடுக்காத பயணி இல்லை. அந்த வலை இந்தப் பங்கீட்டின் வரைபடம்தான்.

ஒருமுறை இப்படி ஒரு குறிப்பை நம்பி ஜகார்த்தாவிலிருந்து ஒருவர் வந்தார். ஊர்ப்பெயர் வேண்டாம். விடுதி கட்ட இடம் பார்க்க வந்தவருக்குத் துணையாக நானும் போயிருந்தேன். முழங்கால் உயரப் புல், ஓரத்தில் மூங்கில் புதர், நடுவே எண்ணெய்க் கொட்டை தரும் கெமிரி மரங்கள் நாலைந்து. பார்த்தால் யாரும் சீண்டாத இடம் என்றுதான் தோன்றும். கூட வந்த முதியவர் ஒன்றும் பேசாமல் நடுவே போய், வெட்டுக்கத்தியால் புல்லை ஒதுக்கினார். தட்டையான ஒரு கல்லும், பக்கத்தில் உளுத்துப்போன மரக்கட்டை ஒன்றும் தெரிந்தன. லோடோக். அங்கேயே நின்றுகொண்டு ஒவ்வொரு பக்கமாகக் கையை நீட்டி, இது இன்னார் பங்கு, அது இன்னார் பங்கு என்று சொல்லிக்கொண்டே போனார். கெமிரி ஒவ்வொன்றையும் யாருடைய தாத்தா நட்டது என்றுகூடச் சொன்னார். அது கொஞ்ச காலத்துக்குப் பயிரிடாமல் தரிசாகப் போட்டிருந்த நிலம், அவ்வளவுதான்.

வந்தவர் மறுநாளே கிளம்பிவிட்டார். இழப்பு ஊருக்குத்தான். நம் நிலத்தை யாரோ காகிதத்தில் விலைக்கு வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சு பரவியது. அப்புறம் காபி வாங்க நேர்மையாக வந்தவர்களைக்கூட ஊரார் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். மங்கராயிலேயே போச்சோ லெயோக்கில் புவிவெப்ப மின்திட்டத்தை மக்கள் எதிர்த்து நிற்பதற்கு ஊர்ப் பொதுநிலமும் ஒரு காரணம். அந்தக் காயம் ஆறாத வட்டாரத்தில் ‘காலி நிலம்’ என்று எழுதுவது எவ்வளவு பொறுப்பற்ற வேலை!

இதன் அடுத்த படி இன்னும் மோசம். “வெளிநாட்டவர் உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம்” என்று ஆலோசனை சொல்கிறார்கள். 1960-ன் நிலச் சட்டப்படி முழு உரிமை நிலம் வைத்திருக்கும் தனிநபர் இந்தோனேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். நேரடியாகவோ சுற்றிவளைத்தோ அதை வெளிநாட்டவர் கைக்கு மாற்றினால் ஒப்பந்தம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்கலாமே என்றால், பொதுவான வரம்பு நிலமும் கட்டடமும் நீங்கலாக 1,000 கோடி ரூபியாவுக்கு மேல். நாலு அறை வைத்த தங்குமிடத்துக்கு அது ஒத்துவராது.

சரி, நிலம் பற்றி என்னதான் எழுதுவது? எந்தக் கெண்டாங்கின் நிலம், பேச வேண்டிய துவா தெனோவும் ஊர்த்தலைவரும் யார், இவ்வளவும் போதும். வெளியார் நிலம் கேட்டு வந்தால் சேவலும் துவாக் கள்ளும் கொண்டுவந்து முன்வைத்துப் பேசுவதே அங்கே முறை என்பதையும் சேருங்கள். விலை எழுத வேண்டாம், பரப்பளவும் வேண்டாம்.

வரவேற்பைக் கலைநிகழ்ச்சியாக்குவது

வாயே ரெபோவுக்கு யார் வந்தாலும் முதலில் போக வேண்டியது முதன்மை வீட்டுக்கு. அங்கே பெரியவர் ஒருவர் முன்னோர்களிடம் வந்தவர்களின் நலம் வேண்டி மங்கராய் மொழியில் பேசுவார். அது முடியும்வரை கேமராவை வெளியே எடுக்கக் கூடாது. முற்றத்தின் நடுவே இருக்கும் கல்மேடை பலிபீடம், அதன்மேல் ஏறக் கூடாது. இவற்றை ‘பாரம்பரிய வரவேற்பு நிகழ்ச்சி கண்டு மகிழலாம்’ என்று எழுதினால், வருபவர் நாற்காலி எங்கே என்று கேட்பார். என்ன செய்ய வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று நேராகவே சொல்லிவிடுங்கள்.

கிலோமீட்டர்

வழியின் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லாதீர்கள். போய்ச்சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்று எழுதுங்கள், மழைக்காலத்துக்குத் தனியாக.

‘யாரும் அறியாத’

வாயே ரெபோவுக்கு இந்த அடைமொழி வந்தால் நீக்கிவிடுங்கள். இடிந்துபோன வீடுகளை ஊராரே தச்சு முறை மாறாமல் எழுப்பியதற்காக 2012-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது பெற்ற ஊர் அது.

காபியை ஒரே வரியில் முடிப்பது

“தரமான காபி விளைகிறது” என்றால் யாருக்கும் பயனில்லை. அறுவடை ஆண்டின் நடுவில். பழத்தைப் பறித்து, தோல் நீக்கி, கொட்டையை முற்றத்துப் பாயில் காயப்போடுகிறார்கள். தூறல் விழுந்தால் ஓடிப்போய்ப் பாயைச் சுருட்ட வேண்டும், வெயில் வந்ததும் மறுபடி விரிக்க வேண்டும். மேகம் இறங்கும் உயரத்தில் இது ஒரே நாளில் பலமுறை நடக்கும். கூரை போட்ட உலர்களம், தோல் நீக்கும் இயந்திரம், சுமை இறக்கும் கூலி என்று நிலமே வாங்காமல் பணம் போட வேண்டிய இடங்கள் இங்கே நிறைய.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். அவசரச் செலவுக்குக் கடன் வாங்கி, காயாக இருக்கும்போதே விளைச்சலைக் குறைந்த விலைக்கு விட்டுக்கொடுக்கும் இஜோன் என்ற வழக்கம் இந்தோனேசியக் கிராமப்புறத்தில் பரவலாக உண்டு. நீங்கள் எழுதும் ஊரில் அது இருந்தால், கடன்காரர் பெயரெல்லாம் வேண்டாம், இருக்கிறது என்று மட்டும் குறிப்பிடுங்கள். காபி வாங்க வருபவர் அதைப் படித்துவிட்டு, அறுவடையின்போது விலை பேசுவதா, பள்ளிக்கட்டணம் கட்டும் மாதத்திலேயே முன்பணம் தருவதா என்று முடிவு செய்துகொள்வார்.