பீட்டாவில் இருக்கும் ஆன்லைன் விளையாட்டில் கிராபிக்ஸ் கார்டை ஒப்பிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஒரு புது ஆன்லைன் விளையாட்டு வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் கட்டமான ஆல்ஃபாவுக்கோ பீட்டாவுக்கோ கதவைத் திறந்த முதல் நாளே எல்லோரும் கேட்கும் கேள்வி, "உன் கார்டில் எத்தனை எஃப்பிஎஸ் வருது?" என்பதுதான், அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) திரையில் வருகிறது என்று. ஒருவர் என்விடியாவின் 4070-இல் 85 என்பார், இன்னொருவர் ஏஎம்டியின் 7800 எக்ஸ்டியில் 70 என்பார், உடனே "இந்த கேம் என்விடியாவுக்குத்தான் செட் ஆகும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த இரண்டு பேரும் ஒரே பில்டில் (விளையாட்டின் ஒரே பதிப்பில்) இருந்தார்களா, ஒரே இடத்தில் நின்றார்களா, பிராசஸர் என்ன என்று யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் அதை நம்பி யாரோ ஒருவர் ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து கார்டு வாங்கிவிடுகிறார். அந்த ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கே இது நடந்திருக்கிறது. சோதனையில் இருந்த ஓர் ஆன்லைன் விளையாட்டில் பழைய கார்டை இரவு பத்து மணிக்கு அளந்தேன், சராசரி 52. மறுநாள் காலை ஆறரைக்குப் புதுக் கார்டை மாட்டி, அதே நகரத்தில் அதே வழியில் நடந்தேன், 67. பதினைந்து ஃபிரேம் கூடியிருக்கிறது என்று நோட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். ஆனாலும் மனசுக்குள் ஏதோ உறுத்தியது, ஏனென்றால் அந்த இரண்டு கார்டுக்கும் மற்ற விளையாட்டுகளில் அவ்வளவு வித்தியாசம் வந்ததில்லை. கேபினட்டைத் திரும்பத் திறந்து பழைய கார்டையே மாட்டி ஏழரை மணிக்கு இன்னொரு நடை நடந்தேன். 65 வந்தது. புதுக் கார்டு கொடுத்தது இரண்டே ஃபிரேம்தான், மிச்சம் பதிமூன்றையும் கொடுத்தது விடியற்காலையில் ஆளில்லாமல் கிடந்த நகரம்.

அன்றிலிருந்து நான் மாற்றாத வழக்கம் ஒன்று உண்டு: பழையது, புதியது, மறுபடி பழையது. முதல் அளவும் மூன்றாவது அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால்தான் நடுவில் இருக்கும் அளவை நம்புவேன். வராவிட்டால் மூன்றையும் அடித்துவிட்டு வேறொரு நாள் பார்த்துக்கொள்வேன். கார்டைக் கழற்றி மாட்டும் அரை மணி நேர வேலையை மிச்சம் பிடிக்க நினைப்பதுதான் என்னைப் பொறுத்தவரை முதல் தவறு.

அடுத்தது பில்டு எண்ணைக் குறிக்காமல் விடுவது. முடிந்து வெளிவந்த விளையாட்டில் போன மாதம் எடுத்த எண்ணை இந்த மாதம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிதாகத் தப்பு வராது. இன்னும் வேலை முடியாத விளையாட்டில் இரண்டு வாரம் போதும், எல்லாம் தலைகீழாகிவிடும். ஸ்டார் சிட்டிசன் என்ற விண்வெளி விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டத் தொடங்கிய அது பன்னிரண்டு வருடம் கழித்தும் ஆல்ஃபாதான். 2023 மார்ச்சில் 3.18 வந்தபோது உலகத்தில் கிடக்கும் பொருள்களை சர்வர் ஞாபகம் வைத்துக்கொள்ளும் முறையே மாறியது, 2024 டிசம்பரில் 4.0 வந்தபோது ஒரே உலகத்தைப் பல சர்வர்கள் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. நடுவில், காட்சியை வரையும் மென்பொருள் பகுதியான ரெண்டரருக்கு டைரக்ட்3டி 11-ஓடு வல்கனையும் தேர்ந்தெடுக்கும் வசதி சேர்ந்தது. ஒருவர் வல்கனிலும் மற்றவர் டைரக்ட்3டி 11-இலும் ஓட்டினால் கார்டுகளுக்கு நடுவே தெரியும் வித்தியாசத்தில் பாதி ரெண்டரரின் வித்தியாசமாக இருக்கலாம். அதே நாளில்கூட பொது சர்வரில் ஒரு பில்டும் சோதனை சர்வரில் வேறொரு பில்டும் ஓடும். இரண்டும் ஒரே பெயர், ஒரே லாஞ்சர் என்பதால் ஒன்றாகிவிடாது.

பேட்டில்ஃபீல்டு 2042-க்கும் இதே கதைதான். 2021 அக்டோபரில் ஓபன் பீட்டா, நவம்பர் 19-இல் வெளியீடு. பீட்டாவுக்குக் கொடுத்தது பல மாதம் பழைய பில்டு என்று தயாரிப்பாளர்களே சொன்னார்கள். அந்த பீட்டாவில் அளந்தவர்கள் அளந்தது வரப்போகும் விளையாட்டும் இல்லை, அன்று தயாரிப்பாளர்கள் கையில் இருந்த விளையாட்டும் இல்லை. அதை வைத்து "இந்த கேமுக்கு இந்த கார்டு போதும், போதாது" என்று சொல்வது தப்பு. இந்த பில்டில் இந்த கார்டு இப்படி ஓடியது என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

இப்போது பெரிய தவறுக்கு வருகிறேன். பிராசஸரை அளந்துவிட்டு கார்டை அளந்ததாக நினைத்துக்கொள்வது. முடியாத ஆன்லைன் விளையாட்டுகளில் இது மற்ற எதையும்விட அதிகமாக நடக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது: வேகத்தைக் கூட்டும் வேலையைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் கையில் எடுப்பார்கள், அதுவரை பிழை கண்டுபிடிக்க வைத்த பதிவுகள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், அதோடு ஐம்பது நூறு பேரின் அசைவையும் அவர்கள் கையில் இருக்கும் பொருளையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் கணக்குப் போட்டாக வேண்டும். இந்தச் சுமை எல்லாம் பிராசஸர் தலையில்தான் விழுகிறது. பிராசஸர் 60 ஃபிரேமுக்கு மேல் தயாரித்துக் கொடுக்க முடியாத இடத்தில் 4060 போட்டாலும் 60, 4090 போட்டாலும் 60. அதைப் பார்த்துவிட்டு "4090-க்கு இந்த கேம் சரியாக எழுதப்படவில்லை" என்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். 1440பியில் அளந்த இடத்திலேயே நின்றுகொண்டு ரெசல்யூஷனை 1080பிக்கு இறக்குங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் 36.9 லட்சத்திலிருந்து 20.7 லட்சத்துக்குக் குறைகிறது, அதாவது 44 சதவீதம் வேலை மிச்சம். அப்படியும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தில் எந்த இரண்டு கார்டையும் ஒப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை. இன்டெல்லின் பிரசென்ட்மான் என்ற அளக்கும் கருவியில் 2023-இல் ஜிபியு பிஸி என்று ஓர் அளவைச் சேர்த்தார்கள், அதுவும் இதற்கு நன்றாக உதவும். ஒரு ஃபிரேம் முடிய 16.7 மில்லிசெகண்ட் ஆகிறது, அதில் கார்டு வேலை செய்தது 9 மில்லிசெகண்ட்தான் என்று காட்டினால், மீதி நேரம் கார்டு யாருக்காகக் காத்திருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிராசஸர் தடுக்கும்போது எல்லா கார்டும் ஒரே எண்ணில் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரும் பிராசஸர் நேரத்தைத் தின்னும். 2021-இல் ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு என்ற யூடியூப் சேனல் செய்த சோதனைகளில், பழைய பிராசஸர்களோடு சேரும்போது டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளில் என்விடியா கார்டுகள் ஏஎம்டியின் ரேடியான் கார்டுகளைவிட அதிகமாகச் சறுக்கியது தெரிந்தது. 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580-க்கும் இதே பிரச்சினை, ரைசன் 5 2600 மாதிரி பழைய பிராசஸரோடு மாட்டினால் ரிவ்யூக்களில் வந்த எண் வராது. ஆகவே உங்கள் நண்பரின் புது பிராசஸரில் ஜெயித்த கார்டு உங்கள் ஆறு வருடப் பழைய பிராசஸரில் தோற்கலாம், இரண்டு அளவும் உண்மையாகவே இருக்கும். பிராசஸர் பெயரையும் ரேம் வேகத்தையும் எழுதாத எந்த ஒப்பீட்டையும் நான் படிப்பதோடு சரி, நம்புவதில்லை.

இடம் அடுத்த சிக்கல். ஸ்டார் சிட்டிசனில் லார்வில், ஏரியா 18, நியூ பேபேஜ், ஓரிசன் என்று பெரிய நகரங்கள் இருக்கின்றன, அங்கே வரும் எண்ணும் நடு விண்வெளியில் வரும் எண்ணும் பக்கத்திலேயே நிற்காது. சர்வர் திணறும்போது நகரத்து ஆட்கள் (விளையாட்டே இயக்கும் பாத்திரங்கள்) நாற்காலி மேல் ஏறி அப்படியே சிலை மாதிரி நிற்பதை அந்த விளையாட்டை ஆடியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சர்வர் நன்றாக ஓடும்போது அதே ஆட்கள் நடக்கிறார்கள், உட்காருகிறார்கள், பேசுகிறார்கள். வெளியே பார்க்க ஒரே காட்சி, உங்கள் கணினி செய்யும் வேலை வேறு வேறு. கன்சோலில் டிஸ்ப்ளே இன்ஃபோ கட்டளையைப் போட்டால் சர்வரின் ஃபிரேம் வேகமும் தெரியும், அதையும் உங்கள் எண்ணின் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் தொந்தரவே இல்லாமல் கார்டை மட்டும் பார்க்க வேண்டுமா, அரீனா கமாண்டர் மாதிரி தனியாக ஆடும் பகுதி இருந்தால் அங்கே அளப்பது நல்லது. ஆனால் அங்கே வந்த எண்ணைக் காட்டி "கேம் இப்படித்தான் ஓடும்" என்று சொல்லக்கூடாது. பகலா இரவா, மழையா என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் விளையாட்டானால் விளையாட்டுக்குள் இருக்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செட்டிங்ஸில் ஏமாறுவது இன்னும் சுலபம். "அல்ட்ரா, 1440பி, 90 எஃப்பிஎஸ்" என்று போட்டிருப்பார், சின்னதாக வரைந்து பெரிதாக்கும் அப்ஸ்கேலரான டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி ஓடிக்கொண்டிருக்கும், அதாவது உள்ளே வரைவது 1707க்கு 960 புள்ளிகள்தான். ஃபிரேம் ஜெனரேஷன் போட்டிருந்தால் அந்த 90-இல் பாதியாவது நடுவில் சொருகிய ஃபிரேம். இரண்டுமே நல்ல வசதிகள்தான், நானும் ஆடும்போது போட்டுக்கொள்கிறேன், ஆனால் கார்டை ஒப்பிடும்போது இரண்டையும் அணைத்துவிட்டு ஓர் எண் எடுத்தாக வேண்டும். பீட்டாவில் இன்னொரு தொல்லை, பேட்ச் இறங்கியதும் செட்டிங்ஸ் பழையபடி மாறிவிடுவது, அல்லது மெனுவில் மாற்றியது விளையாட்டை மூடித் திறக்கும்வரை உள்ளே ஏறாமல் இருப்பது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் செட்டிங்ஸ் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 8 ஜிபி கார்டை 16 ஜிபி கார்டோடு ஒப்பிடும்போது சுவரையும் தரையையும் கிட்டப் போய்ப் பாருங்கள். மெமரி நிறைந்ததும் சில இன்ஜின்கள் சத்தமில்லாமல் டெக்ஸ்ச்சரை (பரப்பில் ஒட்டும் படத்தை) மங்கலாக்கிவிடும். எஃப்பிஎஸ் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும், ஒன்றில் போஸ்டரில் இருக்கும் எழுத்தைப் படிக்கலாம், மற்றதில் முடியாது.

டிரைவர் மாற்றினாலும் பேட்ச் இறங்கினாலும் ஷேடர்களை (காட்சியை வரைய கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்களை) புதிதாகத் தயார் செய்ய வேண்டியிருக்கும், அதனால் முதல் இருபது நிமிடம் விட்டு விட்டு ஓடும். பழைய கார்டு ஒரு மாதமாகப் பழகிய கேஷோடு (தயார் செய்து வைத்த ஷேடர்களோடு) ஓடுகிறது, புதுக் கார்டை மாட்டிய ஐந்தாவது நிமிடமே அளக்கிறீர்கள், இது நியாயமில்லை. அதே வழியில் இரண்டு தடவை சும்மா நடந்துவிட்டு மூன்றாவதிலிருந்து எழுதுங்கள். கார்டு சூடேறியதும் கிளாக் (அது ஓடும் வேகம்) இறங்கும் என்பதற்கும் இதுவே மருந்து. மதியம் ஏசி இல்லாமல் ஒரு கார்டு, ராத்திரி ஏசி போட்டு இன்னொரு கார்டு என்று அளக்க வேண்டாம்.

சராசரி எண் எவ்வளவு மறைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. பத்து விநாடியில் 600 ஃபிரேம் என்றால் சராசரி 60. நடுவில் அரை விநாடி திரை அப்படியே உறைந்து நின்று, மீதி ஒன்பதரை விநாடி 63-இல் ஓடினாலும் சராசரி 60தான். ஆடுபவருக்கு அந்த அரை விநாடியில் உயிர் போயிருக்கும். அதனால்தான் 1 சதவீத லோ எண்ணையும், அதாவது மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தையும், கேட்கிறோம். ஆனால் முடியாத ஆன்லைன் விளையாட்டில் அந்த உறைதல் சர்வரால் வந்ததா, எஸ்எஸ்டியிலிருந்து ஏதோ இறங்கியதாலா, கார்டாலா என்று ஒரே ஓட்டத்தில் சொல்ல முடியாது. குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து ஓட்டம். ஒரு கார்டில் 58, 63, 60 வந்து, இன்னொன்றில் 61, 65, 59 வந்தால் இரண்டும் ஒன்றுதான். சராசரியில் 1.3 ஃபிரேம் வித்தியாசம் இருக்கிறதே என்று கேட்காதீர்கள், ஒரே கார்டு தனக்குள்ளேயே ஐந்து ஃபிரேம் ஆடுகிறது.

அளக்கும் கருவியிலும் கவனம் வேண்டும். திரை மேல் எண் காட்டும் ஓவர்லேக்கள் விளையாட்டுக்குள் நுழைந்துதான் வேலை செய்கின்றன, ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் ஆன்டி சீட் மென்பொருள் சும்மா இருக்காது. 2023 அக்டோபரில் ஏஎம்டி டிரைவரில் வந்த, அதே மாதிரி விளையாட்டுக்குள் நுழைந்து வேலை செய்த ஆன்டி-லேக் பிளஸ் வசதியை அப்போதுதான் வெளியாகியிருந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் போட்டவர்களுக்குத் தடை விழுந்தது, அந்த டிரைவரையே ஏஎம்டி திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பிரசென்ட்மான் விளையாட்டைத் தொடாமல் விண்டோஸின் சொந்தப் பதிவுகளிலிருந்து எண்ணை எடுப்பதால் எனக்கு அதுதான் நிம்மதி.

மெனு திரையில் எஃப்பிஎஸ் பார்க்கவே பார்க்காதீர்கள். 2021 ஜூலையில் நியூ வேர்ல்டு பீட்டாவில் மெனுவுக்கு ஃபிரேம் வரம்பு வைக்காமல் விட்டிருந்தார்கள், ஆர்டிஎக்ஸ் 3090 வைத்திருந்த சிலருக்கு கார்டே செத்துப்போனது. தன் கார்டுகள் செத்ததற்குக் காரணம் சால்டரிங் குறை என்று கார்டு தயாரிக்கும் ஈவிஜிஏ நிறுவனம் பின்னால் சொன்னது, விளையாட்டிலும் பேட்ச் போட்டு மெனுவுக்கு வரம்பு வைத்தார்கள். பீட்டா இறங்கியதும் டிரைவர் கன்ட்ரோல் பேனலில் 120 என்றோ 144 என்றோ ஒரு வரம்பு வைத்துவிட்டு உள்ளே போங்கள், அளக்கும் நேரத்துக்கு மட்டும் அதை எடுத்துவிடலாம்.

மூடிய சோதனை என்றால் வெளியிடுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், ஸ்டார் சிட்டிசனின் எவோகாட்டி குழுவில் இருப்பவர்கள் மாதிரி வாய் திறக்கவே கூடாத சோதனைகள் உண்டு. அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் எண்ணை மட்டும் தனியாகப் போடாமல், பில்டு எண், தேதி, நேரம், சர்வர் எந்த ஊர், எத்தனை பேர் இருந்தார்கள், டிரைவர் பதிப்பு, பிராசஸர், ரேம், ரெண்டரர், அப்ஸ்கேலர் இருந்ததா இல்லையா, எத்தனை ஓட்டம் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். அடுத்த பேட்ச் வந்த அன்றைக்கு அந்தப் பதிவைத் திறந்து மேலே "பழைய பில்டு" என்று எழுதிவிடுங்கள்.