கம்ப்யூட்டர் கேம் டிவியில் வெளுத்துத் தெரிகிறதா?

ஒரே டிவியில் கேம் கன்சோல் படம் பளிச்சென்றும் கம்ப்யூட்டர் படம் வெளுத்தும் தெரிந்தால், புது கிராபிக்ஸ் கார்டு விலை கேட்க டவுன்ஹால் ரோட்டுக் கடைகளுக்குக் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் கார்டு என்விடியா என்றால், முதலில் கம்ப்யூட்டரில் என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'சேஞ்ச் ரெசல்யூஷன்' பக்கத்துக்குப் போங்கள். என்விடியா கலர் செட்டிங்கைத் தேர்ந்தெடுத்து, 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' லிமிடெட் என்றிருந்தால் ஃபுல் ஆக்குங்கள். அப்புறம் டிவி மெனுவில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டின் பிளாக் லெவலையும் அதற்கு ஒத்துப்போகும்படி வையுங்கள்.

டிவிக்கான சிக்னலில் (லிமிடெட்) வெளிச்ச அளவு கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235. கம்ப்யூட்டருக்கோ (ஃபுல்) கறுப்பு 0, வெள்ளை 255. கம்ப்யூட்டர் லிமிடெட்டாக அனுப்புவதை டிவி ஃபுல் என்று புரிந்துகொண்டால் கறுப்பு சாம்பலாகிவிடும். இதுவே தலைகீழானால் இருட்டில் நிற்கும் எதிரியே தெரியமாட்டான். பெரும்பாலும் கன்சோல் இதைத் தானாகவே சரிசெய்துகொள்வதால்தான் அதன் படம் உசத்தியாகத் தெரிகிறது. கேமில் ஒரு இரவுக் காட்சியை நிறுத்தி வைத்துப் பாருங்கள், சுவர் மூலையில் நிழலின் அடுக்குகள் பிரிந்து தெரிந்தால் சரி. கார்டு விலை இருக்கிற இருப்பில், காசில்லாமல் முடிகிற இந்த வேலையை யாரும் தவறவிடக் கூடாது.

படம் மங்கலாகவோ, விளிம்புகள் படிக்கட்டு போலவோ தெரிந்தால், அல்லது ஆட்டம் திக்கித் திக்கி ஓடினால் இது உதவாது. அது ரெசல்யூஷன் அல்லது கார்டின் திறன் சம்பந்தப்பட்டது. எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் முறை) ஓடும்போது கணக்கே வேறு. எச்டிஎம்ஐக்குப் பதில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இணைப்பில் மாட்டிய மானிட்டருக்கும் பொதுவாக இந்தச் சிக்கல் வராது.