வளாகக் குப்பையைப் பிரிக்கும்போது மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு நல்ல மனதோடு செய்வதுதான். மறுசுழற்சி ஆகுமா ஆகாதா என்று தெரியாத பொருளை, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மறுசுழற்சித் தொட்டியிலேயே போட்டுவிடுகிறோம். காகிதக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கக் காகிதம், ஆனால் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. பல காகித ஆலைகளால் அதைப் பிரித்தெடுக்க முடிவதில்லை.

முக்கோணக் குறியை அப்படியே நம்புவதும் தவறு. மூன்று அம்புகள் சுற்றிவரும் சின்னத்தை 1970-ல் ஒரு போட்டிக்காக வரைந்தவர் கேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர். பிளாஸ்டிக்கின் அடியில் 1 முதல் 7 வரை எண்ணோடு இருக்கும் முக்கோணம் 1988-ல் வந்தது. அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்று உறுதி தரவில்லை. உங்கள் வளாகத்துக் குப்பையை வாங்கிப் போகிறவர்களிடமே எதை எடுப்பார்கள் என்று கேட்டு, அதைப் படமாகத் தொட்டியின் மேல் ஒட்டுங்கள்.

மறுசுழற்சித் தொட்டியைத் தனியாக வைக்காதீர்கள். பக்கத்தில் சாதாரணக் குப்பைத்தொட்டி இல்லாவிட்டால் எல்லாம் அதற்குள்தான் விழும். பேட்டரிக்குத் தனிப் பெட்டி கட்டாயம் வேண்டும். லித்தியம் பேட்டரி வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

மிச்சம் மீதியோடு பாட்டிலைப் போடுவதுதான் நான் அடிக்கடி பார்ப்பது. பாதி குடித்த ஜூஸ் ஒன்று கவிழ்ந்தால் போதும், தொட்டியில் இருக்கும் காகிதமெல்லாம் ஊறிப்போகும். எண்ணெய் பட்ட காகிதம் இன்னும் மோசம். கூழாக்கினாலும் பிசுக்கு முழுசாகப் போகாது. அப்புறம், அந்தப் பையை அவிழ்ப்பது ஒரு மனிதரின் கை. நாம் அரை நிமிடம் அலசாமல் விட்டது அவர் விரலில் ஒட்டுகிறது.

ஆசிரியர்கள் செய்யும் தவறும் உண்டு. தாமதமாக வந்தவர்களைத் தண்டனையாகக் குப்பை பிரிக்கச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. குப்பையைத் தொடுவது அவமானம் என்றுதான் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும். தினமும் அதே வேலையைச் செய்கிறவரையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கும். ஒரே மன்றத்தின் தலையில் கட்டுவதும் சரியல்ல, மற்றவர்கள் கை கழுவிவிடுவார்கள். கையுறை கொடுத்து, எல்லா வகுப்பும் முறை வைத்துச் செய்யட்டும். வாரம் ஒருமுறை பைகளை எடை போட்டு, எவ்வளவு கலந்து வந்தது என்று பலகையில் எழுதுங்கள். முதல் வாரம் வகுப்பில் பேச வளாகத் துப்புரவுப் பணியாளரை அழையுங்கள். எந்தத் தொட்டியில் என்ன தவறாக விழுகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.