அணு மாதிரிகளுக்குக் கண்காட்சி மேசை அமைப்பது எப்படி

நெல்லை வட்டாரப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சியில் அணு மாதிரி என்றால் பெரும்பாலும் தெர்மகோல் உருண்டைகள்தான். டால்டன், தாம்சன், ரூதர்ஃபோர்டு, நீல்ஸ் போர் என்று வரிசையாக நிற்கும். ஒன்று போய் அடுத்தது ஏன் வந்தது என்பதுதான் முக்கியம்; அதை உருண்டை காட்டாது, சோதனை காட்டும்.

டால்டனின் பிரிக்க முடியாத அணுவுக்கு (1808) ஓர் அட்டை போதும். 1897-இல் எலக்ட்ரான் தெரியவந்ததும் அது நிலைக்கவில்லை. நேர்மின் கோளத்துக்குள் எலக்ட்ரான்கள் பதிந்திருப்பதாகத் தாம்சன் 1904-இல் சொன்னார். இதற்குப் பாடப்புத்தகத்துத் தர்பூசணி வேண்டாம். தாம்சனே எடுத்துக்காட்டிய, அமெரிக்க இயற்பியலாளர் மேயரின் மிதக்கும் காந்தங்களைச் செய்யுங்கள்.

ஆறு தையல் ஊசிகளை எடுத்து, காந்தத்தின் வடமுனையால் காதிலிருந்து நுனிவரை ஒரே திசையில் 20 தடவை தேய்க்கவும். திரும்பும்போது காந்தத்தைத் தூக்கிவிட வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு சென்டிமீட்டர் தெர்மகோல் துண்டில் செருகுங்கள்: காது மேலே, நுனி தண்ணீரில். ஊசி தரைதட்டாத ஆழத்தில் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு, சட்டக்காந்தத்தின் தென்முனையை மேலிருந்து மெல்ல இறக்குங்கள். மூன்று ஊசி முக்கோணமாகும், நான்கு சதுரம், ஐந்து ஐங்கோணம். ஆறாவதைப் போட்டால் ஒன்று நடுவுக்குப் போய் மற்ற ஐந்தும் சுற்றி நிற்கும். தனிமங்களின் பண்புகள் திரும்பத் திரும்ப வருவதற்கான விளக்கத்தை இத்தகைய அடுக்குகளில்தான் தாம்சன் தேடினார். இரண்டு ஊசி ஒட்டிக்கொண்டால் ஒன்றைத் தலைகீழாகத் தேய்த்திருக்கிறீர்கள். இரும்புப் பாத்திரம் ஊசியை இழுத்துவிடும். ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலைச் சாத்தாமல் இதைச் செய்யவே முடியாது.

அடுத்த மேசை ரூதர்ஃபோர்டுக்கு. உழைப்பை இங்கே போடுங்கள். 1909-இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் நேர்மின்சுமை கொண்ட ஆல்பா துகள்களை உலோகத் தகட்டில் மோதவிட்டார்கள். பிளாட்டினத்தில் சுமார் 8000-க்கு ஒன்று திரும்பி வந்தது. தாம்சன் சொன்னபடி நேர்மின்சுமை கோளம் முழுக்கப் பரவிக் கிடந்தால் இது நடக்காது; அது நடுவில் ஒரு சிறு அணுக்கருவில் குவிந்திருக்க வேண்டும்.

60 செ.மீ அகலமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள பிளைவுட்டில் இரு பக்கமும் சட்டம் அடித்து, ஆறு கோலிக்குண்டுகளை ஒட்டுங்கள்; இவைதான் அணுக்கருக்கள், உருட்டும் குண்டு ஆல்பா துகள். பக்கவாட்டில் அவற்றின் மையங்களுக்கிடையே குறைந்தது 3.5 செ.மீ, சட்டத்திலிருந்து 2.5 செ.மீ இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஒன்றின் மறைவில் மற்றது ஒளிந்து கணக்கு குறையும். மேலே அட்டையால் மூடிவிடுங்கள். 1 முதல் 59 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி, வந்த சென்டிமீட்டர் குறியிலிருந்து அதே அளவுக் குண்டை நேராக உருட்ட வேண்டும். உருட்ட, ஒரு முனையைப் புத்தகத்தின்மேல் வைத்த 25 மி.மீ பிவிசி குழாய் போதும். பார்வையாளரே குறிபார்த்து உருட்டினால் விடை கெடும். ஒரே உருட்டலில் இரண்டு குண்டைத் தட்டினாலும் ஒரு மோதல்தான்.

குண்டின் விட்டம் = அகலம் × மோதல்கள் ÷ (2 × ஒட்டிய குண்டுகள் × உருட்டல்கள்). 1.6 செ.மீ குண்டென்றால் 200 உருட்டலில் 64 மோதல் எதிர்பார்க்கலாம். 57-ஓ 71-ஓ வந்தாலும் தவறில்லை. 50 உருட்டலோடு நிறுத்தினால் நம்ப முடியாது. கண்ணால் பார்க்காததன் அளவை மோதலை எண்ணியே அறிகிறோம்; அணுக்கரு அகப்பட்டதும் இப்படித்தான். ஆனால் குண்டு தொட்டால்தான் விலகும், ஆல்பா துகள் மின்விலக்கத்தால் தொடாமலே விலகும். இதை அட்டையில் எழுதிவைக்க வேண்டும்.

அளவையும் சொல்லுங்கள்: தங்கத்தின் அணுக்கரு இந்தக் கோலிக்குண்டு என்றால், அணு சுமார் 330 மீட்டர் விட்டம். நெல்லையப்பர் கோயிலின் நீளமே ஏறக்குறைய 850 அடி, அதாவது 260 மீட்டர்; நடுவில் குண்டை வைத்தால் அணுவின் விளிம்பு மதிலைத் தாண்டிவிடும்.

ரூதர்ஃபோர்டின் 1911 அட்டையில் நியூட்ரான் வரைவதுதான் அடிக்கடி காணும் பிழை. அதைச் சாட்விக் கண்டது 1932-இல். வரையறுத்த சுற்றுப்பாதைகளும் போரின் 1913-க்கு உரியவை. போரின் வட்டங்களைச் சம இடைவெளியில் வரையாதீர்கள்: ஹைட்ரஜனுக்கு ஆரங்கள் 1:4:9, அதாவது 3, 12, 27 செ.மீ. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஓர் அம்பு வரைந்து, எலக்ட்ரான் அப்படி இறங்கும்போது வெளிவரும் ஒளியை 656 நானோமீட்டர் சிவப்பு என்று குறியுங்கள்.

கடைசி அட்டை 1926-இன் ஷ்ரோடிங்கருக்கு. எலக்ட்ரான் எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்பதைக் காட்ட, நடுவில் நெருக்கமாகவும் வெளியே போகப்போக அருகியும் புள்ளி வையுங்கள். சுற்றிக் கோடு போடக்கூடாது. ஹைட்ரஜன் எலக்ட்ரான் போரின் முதல் ஆரத்துக்குள் இருக்கும் வாய்ப்பு 32 விழுக்காடுதான்.