எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுப்பது எப்படி?

தொடக்கநிலை இரண்டுக்கு வந்த பிறகும் ஒரு பிள்ளை 'பட்டம்' என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிப் படிக்கிறது. அடுத்த வரியில் அதே சொல் வந்தால் முன்பின் பார்த்திராததுபோல் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஆனால் பாட்டி சொன்ன கதையை ஒரு சம்பவம் விடாமல் ஒப்பிக்கிறது. இப்படி இருந்தால் சிக்கல் அறிவிலோ அக்கறையிலோ இல்லை, எழுத்தை ஒலியாக மாற்றும் இடத்தில் இருக்கலாம் என்று பெற்றோர் ஐயப்பட வேண்டும். டிஸ்லெக்சியா எனப்படும் இந்த வாசிப்புச் சிரமம் பெரும்பாலும் குடும்பவழியாக வருவது. சோம்பலாலோ கைப்பேசியாலோ உண்டாவதன்று. இத்தகைய பிள்ளைக்குப் படிப்பு கசக்காமலிருக்க வேண்டுமானால், எழுத்துப் பயிற்சியையும் அறிவு பெறுவதையும் வீட்டில் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்துக்கு நாள்தோறும் பத்து நிமிடம் போதும். மற்ற நேரமெல்லாம் பிள்ளை காதாலும் வாயாலும் கையாலும் கற்கட்டும்.

வீட்டு முயற்சியைத் தொடங்கும்போதே வகுப்பாசிரியரிடம் பேசிவிடுங்கள். சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றில் ஆங்கில வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைகளை அடையாளங்கண்டு சிறு குழுவாகக் கற்பிக்கும் கற்றல் ஆதரவுத் திட்டம் இருக்கிறது. டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கென்று தொடக்கநிலை மூன்றிலும் நான்கிலும் பள்ளியிலேயே சிறப்புப் பயிற்சி தரப்படுகிறது. தாய்மொழிக்கும் ஆதரவுத் திட்டம் உண்டு. 1991இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் மதிப்பீடும் வகுப்புகளும் நடத்துகிறது. பாலர் பள்ளி வயதிலேயே ஐயம் எழுந்தால் பலதுறை மருந்தகத்தின் வழியாகக் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குப் பரிந்துரை பெறலாம். "பையன் பெயர் கெட்டுவிடும்" என்று இதை மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. மறைத்தால் கெடுவது அந்தப் பையனுக்குக் கிடைக்க வேண்டிய உதவிதான்.

இனி தமிழ். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிடத் தமிழில் சீரானது என்பது உண்மை. ஆயினும் 247 எழுத்துகள் கொண்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டி, மேலிருந்து கீழாக ஒப்பிக்கச் சொல்வது இந்தப் பிள்ளைகளுக்கு எட்டாத மலை. நம் எழுத்தில் அவர்களுக்கு எங்கே இடறுகிறது என்பதைப் பெற்றோர் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. கு, சு, து ஆகியவற்றில் உகரம் ஆளுக்கொரு வடிவம் எடுக்கிறது. 'கல்', 'காகம்', 'தங்கம்' ஆகிய மூன்றிலும் ககரம் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. ல, ள, ழ என்ற மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கற்பித்தால் மூன்றும் குழம்பிப்போகும்; ஒன்று நன்றாகப் பதிந்து சில வாரங்கள் ஆன பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். ன, ண இரண்டுக்கும், ர, ற இரண்டுக்கும் இதே விதிதான்.

பத்து நிமிடப் பயிற்சியை இப்படி அமைக்கலாம். தடித்த அட்டையில் 'க' என்று ஒரு துண்டும், வேறு நிறத்தில் கொம்பும் காலும் தனித்தனித் துண்டுகளாகவும் வெட்டிக்கொள்ளுங்கள். பிள்ளை முதலில் 'க'வை நடுவில் வைக்கட்டும். "க்" என்று வாய்விட்டுச் சொல்லி, இடப்பக்கம் கொம்பையும் வலப்பக்கம் காலையும் தன் கையாலேயே நகர்த்தி ஒட்டவைத்து, "க், ஒ, கொ" என்று சேர்த்துச் சொல்லட்டும். பிறகு ஒரு தட்டில் பரப்பிய அரிசியில் ஆள்காட்டி விரலால் அதே எழுத்தைப் பெரிதாக எழுதிக்கொண்டே மறுபடி ஒலிக்கட்டும். கடைசியாக 'கொடி', 'கொக்கு', 'கொசு' என்று மூன்று சொற்கள் படித்தால் அன்றைய வேலை முடிந்தது. கண், காது, வாய், விரல் நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் எழுத்து நன்றாகப் பதிகிறது. விஜயதசமியன்று ஒருநாள் மட்டும் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைத்துவிட்டு மறுநாளே பென்சிலும் கோடுபோட்ட நோட்டும் கொடுத்துவிடுகிறோம். அரிசித் தட்டை இன்னும் சில ஆண்டுகள் மேசையிலேயே விட்டுவைத்தால் நல்லது.

பிழையாகச் சொன்னால் "தப்பு" என்று சொல்லாமல், அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து இரண்டு நொடி காத்திருங்கள். அப்போதும் வராவிட்டால் நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டு மேலே செல்லுங்கள். சொல்வதெழுதுதலில் தவறிய சொல்லை இருபது முறை எழுதவைப்பதால் பெரும்பாலும் கைதான் வலிக்கும், சொல் மனத்தில் நிற்பதில்லை. ஒரு சொல்லை நான்கு நாள் இடைவெளி விட்டு நான்கு முறை எழுதுவது அதைவிட மேல்.

கதைப் புத்தகத்தைப் பிள்ளையின் வாசிப்புத் திறனை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதன் ஆர்வத்தை வைத்துத் தேர்ந்தெடுத்து, நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். நூலகத்தின் தமிழ்ப் பிரிவிலிருந்து டைனோசர் பற்றியோ விண்வெளி பற்றியோ ஒரு நூலை எடுத்து வந்து, நீங்கள் ஒரு பத்தி வாசித்தால், அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு சொல்லைப் பிள்ளை வாசிக்கட்டும். 'நட்சத்திரம்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தால் அது பிள்ளையின் சொல். அந்த இடம் வரும்போது நீங்கள் நிறுத்திவிட வேண்டும். எழுத்தில் பின்தங்கியிருக்கும் காரணத்தால் பத்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதுக் கதையைக் கொடுப்பது அதை அவமதிப்பதாகும், அது பிள்ளைக்கும் புரியும்.

புத்தகமே இல்லாத கற்றலுக்கு நம்மிடம் குறைவில்லை. விடுகதை, "யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை" போன்ற நாப்பயிற்சி, அந்தாக்ஷரி முதலியவை ஒலிகளைப் பிரித்தறியும் காதை வளர்க்கின்றன. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குத் தேவைப்படும் அடிப்படைத் திறனே அதுதான். கணக்கிலும் தடுமாறும் பிள்ளைக்குப் பல்லாங்குழியின் 14 குழிகள் எண்ணவும் பகிரவும் நல்ல பயிற்சி தரும். தேக்கா சந்தைக்கு அழைத்துச் சென்று பத்து வெள்ளியைக் கையில் கொடுத்து, முருங்கைக்காயும் வெண்டைக்காயும் வாங்கி மீதியைச் சரிபார்க்கும் பொறுப்பையும் ஒப்படைக்கலாம். கடைக்காரரிடம் "அண்ணே, அரை கிலோ எவ்வளவு?" என்று தானே கேட்டு வாங்கிய பிள்ளைக்கு, வீட்டுக்கு வந்ததும் வாங்கியவற்றைப் பட்டியல் போடச் சொன்னால் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கும்.

துணைப்பாட வகுப்பைப் பற்றி ஒரு சொல். பள்ளிப் பாடத்தையே இன்னும் வேகமாகத் திரும்ப நடத்தும் வகுப்பு இத்தகைய பிள்ளைக்கு உதவாது, இருக்கும் நம்பிக்கையையும் குறைக்கும். படிப்படியாக, ஒலியிலிருந்து எழுத்துக்குச் செல்லும் முறையில் பயிற்சி பெற்றவர் கிடைத்தால் மட்டும் அனுப்புங்கள். பெரியம்மா மகனோடும் அத்தை மகளோடும் மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பேசும் உறவினர்களிடம் பிள்ளையின் முன்னிலையில் அந்தப் பேச்சு வேண்டாம் என்று மரியாதையோடு, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் கூடுதல் நேரம், பெரிய எழுத்தில் வினாத்தாள் போன்ற சலுகைகளுக்குப் பள்ளியின் மூலமே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு உளவியல் நிபுணரின் மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும் என்பதால், மதிப்பீட்டைத் தொடக்கநிலை ஆறு வரை தள்ளிப்போடக் கூடாது. தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. அதைத் தமிழாசிரியரோடும் சிறப்புத் தேவைகளைக் கவனிக்கும் அதிகாரியோடும் கலந்து பேசுவதற்கு முன், தொடக்கநிலை ஐந்து, ஆறில் அடிப்படைத் தமிழ் எடுக்கும் வழி இருப்பதையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்; அதில் வாய்மொழிக்கும் கேட்டலுக்கும் முக்கிய இடம் உண்டு, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு அது கைகொடுக்கும்.