தஃப்ராவூத் போகிறவர்கள் புதன்கிழமையைக் கணக்கில் வையுங்கள்

தெற்கு மொராக்கோவில், ஆன்டி அட்லஸ் மலைகளுக்கு நடுவே சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிற சின்ன ஊர் தஃப்ராவூத். அகாதிரிலிருந்து வாடகைக் காரில் காலையில் வந்து, வண்ணம் பூசிய பாறைகள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் கடற்கரைக்குத் திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். அத்தனை வளைவுகளில் வயிற்றைக் கலக்கிக்கொண்டு வந்தது அதற்குத்தானா? மூன்று இரவாவது தங்குங்கள். அதில் ஒன்று செவ்வாய் இரவாக இருக்கட்டும், ஏனென்றால் மறுநாள் வாரச் சந்தை.

பாதாம் பூக்கும் காலம்தான் ஊருக்கு மவுசான காலம். பொதுவாக ஜனவரி கடைசியில் தொடங்கி பிப்ரவரி முழுவதும் பூக்கும். மழையையும் குளிரையும் பொறுத்து முன்பின் ஆகும். அப்போது அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். பூ முக்கியமில்லை, நடக்கத்தான் போகிறேன் என்றால் அக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்கள் போதும். கோடையில் போகாதீர்கள், பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரியெல்லாம் கக்கும். குளிர்காலத்தில் எதிர்த் தொல்லை: பகலில் இதமான வெயில், இரவில் நடுக்கம். மலிவான விடுதிகளில் அறையைச் சூடாக்க வசதி இருக்காது. இன்னொரு கம்பளி கேளுங்கள், தயங்காமல் கொடுப்பார்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மொராக்கோவில் விசா வேண்டும். அதை முதலில் முடியுங்கள். டிரோன் கேமராவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், சுங்கத்தில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

தஃப்ராவூத்துக்கு இரண்டு வழிகள். அகாதிரிலிருந்து ஐத் பாஹா வழியாக ஏறலாம். தீஸ்னித்திலிருந்து கெர்தூஸ் கணவாய் வழியாகவும் வரலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. தீஸ்னித்தின் வெள்ளி நகைக் கடைகளை ஒரு நடை பார்த்துவிட்டு, பெரிய டாக்சி நிற்கும் இடத்துக்குப் போங்கள். அங்கே 'கிராண்ட் டாக்சி' என்றால் பங்கு வண்டி. ஆறு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், ஓர் இருக்கைக்கு இவ்வளவு என்று கட்டணம். அவசரம் என்றால் காலியாக இருக்கும் இருக்கைகளுக்கும் சேர்த்து நீங்களே கொடுத்துவிடலாம். நெருக்கியடித்து உட்கார முடியாதவர்கள் இரண்டு இருக்கைக்குக் கொடுக்கலாம். என் முழங்கால்களுக்காக நான் அப்படித்தான் செய்கிறேன், யாரும் ஒரு மாதிரிப் பார்ப்பதில்லை. காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் ஆள் சேர்வது கடினம்.

பணத்தை அகாதிரிலோ தீஸ்னித்திலோ எடுத்துக்கொள்ளுங்கள். மொராக்கோ நாணயமான திர்ஹாமை நாட்டுக்கு வெளியே வாங்குவதும் விற்பதும் வீண் முயற்சி. சில்லறை நிறைய வேண்டும். இங்கே ஒரு கணக்கைப் பழகிக்கொள்வது நல்லது. சந்தையில் வயதானவர்கள் பலர் திர்ஹாமில் விலை சொல்வதில்லை, ரியாலில் சொல்வார்கள். ரியால் என்று ஒரு நோட்டோ நாணயமோ இப்போது கிடையாது; வாய்க்கணக்கு மட்டும்தான். ஒரு திர்ஹாமுக்கு இருபது ரியால். யாராவது ஆயிரம் என்றால் மயங்கி விழ வேண்டாம், ஐம்பது திர்ஹாம்தான். இருபதால் வகுக்கத் தெரிந்தால் போதும்.

புதன்கிழமை காலையில் வெறுங்கையோடு போய் முதலில் ஒரு சுற்று சுற்றுங்கள். காய்கறி, மசாலா, பழைய துணி, பிளாஸ்டிக் வாளி என்று எல்லாச் சந்தையிலும் உள்ளவை இங்கும் உண்டு. நீங்கள் தேட வேண்டியவை பாதாம், ஆர்கான் என்கிற மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய், இரண்டையும் தேனோடு சேர்த்து அரைத்த அம்லூ. பாதாமை வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், கசப்புப் பாதாமும் கலந்து கிடைக்கும். ஒன்று கசந்தால் அந்தக் குவியலை விட்டு நகருங்கள். ஆர்கானில் இரண்டு வகை. பருப்பை வறுத்து ஆட்டியது சமையலுக்கு, நிறம் அடர்த்தி, வறுத்த வாசனை தூக்கலாக வரும். வறுக்காதது தோலுக்கும் தலைக்கும். சாலையோரம் தண்ணீர் பாட்டிலில் மலிவாக விற்பதில் வேறு எண்ணெய் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கையால் கொட்டை உடைக்கிற வேலை அது. விலை குறைவாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அம்லூவைச் சாப்பிடுவதற்கென்றே ஒரு ரொட்டி இருக்கிறது. 'தஃபர்னூத்' என்பார்கள். சூடேறிய கூழாங்கற்கள் மேல் மாவைப் போட்டுச் சுடுவதால் அடிப்பக்கம் முழுக்கக் குழிகள். பிய்த்துக் கவிழ்த்து அம்லூவைத் தடவினால் ஒவ்வொரு குழியிலும் எண்ணெய் தேங்கி நிற்கும். அவ்வப்போது பல்லில் ஒரு சின்னக் கல் நெருடும், பார்த்துக் கடியுங்கள். காலையில் இதைச் சாப்பிட்டால் மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

சைவக்காரர்களுக்குப் பட்டினி இல்லை, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். தஜீன் என்பது மூடிய மண்சட்டியில் வேகவைக்கும் குழம்பு. காய்கறித் தஜீன் என்று எழுதியிருந்தாலும் இறைச்சியோடு சேர்த்து வேகவைத்து, துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பது சகஜம். "ப்லா ல்ஹம்" என்று, அதாவது இறைச்சி இல்லாமல் என்று, முந்தைய நாளே சொல்லி வையுங்கள். ஹரீரா சூப்பிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். காய்ந்த பெரிய அவரையிலோ பட்டாணியிலோ செய்யும் பிஸ்ஸாரா கஞ்சிதான் குளிர் காலையில் கைகொடுக்கும். மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகமும் தூவித் தருவார்கள். ரமலான் மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடை தேடாதீர்கள். அந்த மாதம் நாட்டின் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள், டாக்சி நேரத்தையும் மறுபடி விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடக்க வேண்டிய இடம் ஊருக்கு வடக்கே உள்ள அமெல்ன் பள்ளத்தாக்கு. 2,359 மீட்டர் உயர கெஸ்த் மலையின் அடிவாரத்தில் கிராமங்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வீடுகள் பாறையோடு, வயல்கள் கீழே. விளையும் மண்ணில் வீடு கட்டி வீணாக்காத புத்தி அது. ஒரு கிராமத்தில் டாக்சியிலிருந்து இறங்கி, பாசன வாய்க்காலை ஒட்டிய பாதையில் அடுத்த கிராமத்துக்கு நடங்கள். ஊமெஸ்னாத்தில் பழைய கல் வீடு ஒன்றைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், உள்ளே போய்ப் பாருங்கள். வழியில் பூட்டிய புது வீடுகள் பெரிது பெரிதாக நிற்கும். இந்தப் பள்ளத்தாக்கின் ஆண்கள் தலைமுறைகளாகக் காசாபிளாங்காவுக்கும் பிரான்சுக்கும் போய் மளிகைக் கடை நடத்துகிறவர்கள். சம்பாதித்த பணம் இங்கே சுவராக எழும்புகிறது. ஆகஸ்டில் வந்து கதவைத் திறப்பார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மலையைப் பாருங்கள், சாய்வெயிலில் பாறை நிழல்கள் சேர்ந்து சிங்க முகம் ஒன்று தெரியும். காலையில் எவ்வளவு முறைத்தாலும் தெரியாது.

நிலவியல் கற்பித்தே வயதானவள் நான். பாறையைச் சும்மா கடந்து போக வராது. கெஸ்த் மலை குவார்ட்சைட், மணற்கல் இறுகி உருமாறிய கல். ஊரைச் சுற்றியிருப்பது இளஞ்சிவப்பு கிரானைட். அதன் விரிசல்களில் நீர் இறங்கி, மூலைகளை முதலில் அரித்து, கட்டம் கட்டமாகப் பிளந்த பாறையை உருண்டைகளாக மாற்றிவிட்டது. தெற்கே மூன்று கிலோமீட்டரில் அகெர்த் ஊதாத் கிராமத்தின் தலைமேல் நிற்கிற 'நெப்போலியன் தொப்பி' அப்படி உருவானதுதான். அதையும் தாண்டினால் வண்ணப் பாறைகள்: 1984-ல் பெல்ஜியக் கலைஞர் ழான் வெராம் நீலமும் சிவப்புமாகப் பூசியவை. பின்னர் மறுபடி பூசியிருக்கிறார்கள். எனக்கு அந்த நீலம் உறுத்துகிறது, பக்கத்தில் பூசாமல் நிற்கிற பாறைதான் அழகு. நீங்கள் போய்ப் பார்த்து என்னோடு சண்டை போடலாம். மதிய வெயிலில் மட்டும் போகாதீர்கள், தண்ணீரோ நிழலோ கிடைக்காது.

பெர்பர் என்றும் அழைக்கப்படும் அமாசிக் மக்களின் ஊர் இது. பேச்சு தஷெல்ஹித், அமாசிக் மொழியின் ஒரு வகை. அரபியும் பிரெஞ்சும் புரியும். 2011 அரசியல் சட்டத்தில் அமாசிக் ஆட்சிமொழியானது. அலுவலகப் பலகைகளில் அதன் திஃபினாக் எழுத்தைக் காணலாம். எதிரே வருகிறவரிடம் "அசூல்" என்று வணக்கம் சொல்லுங்கள், நன்றிக்கு "தனெம்மிர்த்". தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். கருப்புத் துணி போர்த்தி வயலுக்குப் போகும் பெண்களைப் படம் எடுக்காதீர்கள், தூரத்திலிருந்தும் வேண்டாம். பள்ளிவாசலுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. தேநீருக்கு அழைத்தால் உட்காருங்கள். சர்க்கரை அதிகம் என்று முகம் சுளிக்காதீர்கள். வீட்டில் கொடுத்த தேநீருக்குக் காசு நீட்டுவது மரியாதைக் குறைவு.

வாங்க வேண்டிய இன்னொன்று தோல் செருப்பு. குதிகாலையும் மூடுகிற இவ்வூர் வகை. ஆண்களுக்கு மஞ்சள், பெண்களுக்குச் சிவப்பு. தைக்கிறவர்களின் கடைகளிலேயே கிடைக்கும். இரண்டு காலிலும் போட்டு நாலு அடி நடந்து பார்த்த பிறகு பேரம் பேசுங்கள். விமானத்துக்குப் பெட்டி கட்டும்போது அம்லூவைக் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் அதையும் திரவம் என்றுதான் சொல்வார்கள். மூடியை ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டு, பெரிய பெட்டியில் செருப்புக்கு எதிர் மூலையில் வையுங்கள்.